ஜோகுபாளையத்தில் ரோடு கடப்பது எப்படி?

பெங்களூரின் ஜோகுபாளையத்துச் சந்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிக்கு முதல் சிக்கல் கழுத்தில்தான். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. அதனால் கால் எடுத்து வைக்குமுன் இடப்பக்கம் பார்ப்பது அவருக்குச் சிறுவயதுப் பழக்கம். இங்கே வண்டி வலப்பக்கமிருந்து வருகிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டு கால் வைத்தால், ஒன்வேயில் எதிர்த்திசையாக ஒரு ஸ்கூட்டர் ஓரமாக நழுவி வருகிறது.

அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவே, பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது ஜோகுபாளையம். 1809-இல் ஆங்கிலேயர் அமைத்த கண்டோன்மென்ட்டை, அதாவது தண்டுப் பிரதேசத்தைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகளில் ஒன்று. கடைப்பேச்சில் இன்றும் தமிழ் தாராளமாகப் புழங்கும். வெளிநாட்டவர் அதிகம் தங்கும் இந்திராநகரின் அகன்ற ரோடுகளிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே இந்தக் குறுகல் தெருக்கள் வந்துவிடும். நடந்துபோகிறவர்களுக்காகப் பிறந்த தெருக்களில் இன்று காரும் தண்ணீர் லாரியும் எதிரெதிரே வருகின்றன.

அடுத்துப் பயணியைக் குழப்புவது ஹார்ன். ஜெர்மனியில் ஊருக்குள் ஹார்ன் அடிக்க ஆபத்து ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும். ஆகவே அங்கிருந்து வருபவரின் காதில் ஒவ்வொரு ஹார்னும் திட்டாகவே விழும். இங்கே அது பெரும்பாலும் 'பின்னால் இருக்கிறேன், திடீரென்று திரும்பிவிடாதே' என்ற தகவல். லாரியின் முதுகிலேயே ஹார்ன் அடிக்கச் சொல்லி எழுதி வைத்த நாடு இது. ஹெட்லைட் விஷயம் இன்னும் ஆபத்தானது. பிரிட்டனில் எதிரே வருபவர் விளக்கைச் சிமிட்டினால் பெரும்பாலும் 'நீங்கள் போங்கள்' என்று பொருள். இங்கே 'நான் வருகிறேன், நில்' என்று பொருள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ரோட்டில் இறங்குபவர் பிழைப்பது எதிரே வரும் ஓட்டுநரின் பிரேக்கினால்.

கடக்கும் வித்தையை ஊர்க்காரர்களிடம் பார்க்கலாம். பூக்கார அம்மா ஒருவர் கடக்கிறார்: பூக்கூடை இடுப்பில், வலக்கை முன்னால் நீட்டி, உள்ளங்கை லேசாகத் தாழ்ந்து ஆடுகிறது. அந்த அம்மா ஓடுவதில்லை, நடுவில் நிற்பதுமில்லை. ஒரே சீரான நடை. ஆட்டோக்காரர் அவர் முகத்தைப் பார்க்கிறார், அந்த நடையைக் கணக்குப் போட்டு முதுகுப்புறமாக வண்டியை ஒடிக்கிறார். பயணி செய்கிற தவறு பாதியில் பயந்து பின்வாங்குவது. எல்லாருடைய கணக்கும் அப்போது தப்பிவிடும்.

கண்ணோடு கண் பார்த்து வழிவிடும் இந்த முறையை ஐரோப்பாவில் திட்டமிட்டே செய்து பார்த்தார்கள். நெதர்லாந்தின் போக்குவரத்துப் பொறியாளர் ஹான்ஸ் மோண்டர்மன், டிராக்டன் நகரின் பெரிய சந்திப்பு ஒன்றில் சிக்னலையே எடுத்துவிட்டார். அங்கே வண்டிகள் மெதுவாகப் போகும்படி சந்திப்பே அமைக்கப்பட்டிருந்தது. ஜோகுபாளையத்துத் தெருக்களில் அந்த மெதுவை நெரிசலும், பெங்களூர்க்காரர்கள் 'ஹம்ப்' என்று சொல்லும் வேகத்தடையும் கொடுக்கின்றன. இரவு பத்து மணிக்குப் பழைய மெட்ராஸ் ரோடு காலியாகி வண்டிகள் பறக்கும்போது இந்தக் கண்பேச்சு செல்லாது. பகல் நெரிசலைவிட அந்த நேரத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

நெரிசலுக்குக் குறைவில்லை. போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுப் பட்டியலில் உலகிலேயே நெரிசல் மிகுந்த நகரம் பெங்களூர். ரோடு காலியாக இருக்கும்போது ஆகும் நேரத்தைவிடச் சராசரியாக 71 சதவீதம் கூடுதலாகப் பிடித்தது. நெரிசலைத் தவிர்க்க மெட்ரோ இருக்கிறது. 2011 அக்டோபர் 20-இல் பெங்களூரில் ஓடத் தொடங்கிய முதல் மெட்ரோ இந்தப் பக்கம்தான், பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரை. அல்சூர் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஸ்டேஷன் வரை நடந்தாக வேண்டும். ரோடுகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்திய ரோடு காங்கிரஸின் விதிப்படி நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரும் நிறுத்திய பைக்கும் பெயர்ந்த கல்லும் போக மிஞ்சுவதில் ஒருவர் ஒருக்களித்துத்தான் போகலாம். இந்தக் குழப்பத்தை ரசித்து எழுதும் பயணிகள் உண்டு. கைத்தடியோடு தினமும் கடக்கும் முதியவருக்கு இதில் ரசிக்க ஏதுமில்லை.

புதிதாக வருபவர் முதல் வாரம் தனியாகக் கடக்க வேண்டாம். பூக்கூடைக்கார அம்மாவுக்கு இடப்பக்கம் ஒட்டி நின்று, அவர் கால் வைக்கும்போது கால் வைக்கலாம். இருவழி ரோடானால் பாதி தாண்டியதும் அவருடைய வலப்பக்கத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். வண்டிகள் அப்போது இடப்பக்கமிருந்து வரும்.