குளியலறையில் துணை எது? தொட்டி வாங்குமுன் சில கேள்விகள்

(முதியோர் பராமரிப்பு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி நெறியாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது வீட்டிலேயே மிகச் சிறிய அறையைப் பற்றி. வரவேற்பறைக்குப் புதிய சோபா வாங்குகிறோம். சமையலறைக்குப் புதிய அலமாரி போடுகிறோம். குளியலறை மட்டும் பல வீடுகளில் குடிவந்த நாளில் இருந்தபடியே இருக்கிறது. ஆனால், அதைப் பயன்படுத்துகிறவர் அப்படியே இல்லையே! நாற்பது வயதில் அந்த வீட்டுக்குக் குடிவந்த அப்பாவுக்கு இன்று எழுபத்தைந்து வயது. அன்று ஒரே எட்டில் தாண்டிய வாசல்படி இன்று அவருக்கு ஒரு மலை.

2030ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினராக இருப்பார் என அரசாங்கம் கணித்துள்ளது. அவர்களில் பலருடைய ஆசை ஒன்றுதான். கடைசிவரை சொந்த வீட்டில் இருக்க வேண்டும், தன் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும். ஒரு முறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த ஆசை தகர்ந்துவிடலாம். சிகிச்சைக்குப் பிறகும் பழைய நடை திரும்பாமல் போனவர்கள் நம் உறவிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிறார்கள்.

இதனால்தான் பிள்ளைகள் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள். "பக்கத்தில் கதவு வைத்த குளியல் தொட்டி இருக்கிறதாமே, அதை வாங்கிப் பொருத்திவிட்டால் அம்மா பத்திரமாக இருப்பாரா?" நல்ல கேள்வி. பதில் சொல்வதற்கு முன், அந்தத் தொட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

கதவுள்ள தொட்டி

சாதாரணத் தொட்டியில் இறங்க, ஒரு காலில் நின்றுகொண்டு மறுகாலை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டும். மூத்தவர்களுக்கு மிக ஆபத்தான அசைவு அது. கதவுள்ள தொட்டியில் அந்தத் தொல்லை குறைவு. பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சுமார் 8 முதல் 18 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள விளிம்பைத் தாண்டினால் உள்ளே போய்விடலாம். நாற்காலி உயரத்தில் இருக்கை இருக்கும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை தண்ணீரை வெளியே விடாது.

ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் தண்ணீரைத் திறக்க முடியும். குளித்து முடித்தபின் கடைசிச் சொட்டு வரை வடிந்தால்தான் கதவைத் திறக்க முடியும். நிரம்புவதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். வடிவதற்கும் சில நிமிடங்கள் ஆகும். அவ்வளவு நேரமும் பெரியவர் ஈர உடம்போடு உட்கார்ந்திருக்க வேண்டும். திடீரென்று கழிவறைக்குப் போக வேண்டியிருந்தால்? தலைசுற்றல் வந்தால்?

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் முக்கியம். உட்பக்கம் திறக்கும் கதவைத் தண்ணீரின் அழுத்தமே இறுக்கிப் பிடிக்கும். கசிவு குறைவு. ஆனால், உள்ளே ஒருவர் மயங்கிச் சரிந்தால் வெளியிலிருந்து திறப்பது கடினம். வெளிப்பக்கம் திறக்கும் கதவு உதவிக்கு வருபவருக்கு வசதி. ஆனால், அது திறக்கக் குளியலறையில் இடம் வேண்டும்.

நம் அடுக்குமாடி வீட்டுக்குப் பொருந்துமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டி 200 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஒருவர் ஒரு நாள் முழுவதும் வீட்டில் பயன்படுத்தும் தண்ணீரே சராசரியாக ஏறத்தாழ 140 லிட்டர்தான். ஒரே குளியலுக்கு அதைவிட அதிகம்! அந்தத் தண்ணீரின் எடை 200 கிலோ. தொட்டிக்கு 80 கிலோ, குளிப்பவருக்கு 70 கிலோ என்று சேர்த்தால் 350 கிலோ. அவ்வளவு பாரமும் தரையின் ஒரு மூலையில் இறங்குகிறது.

அடுத்து வெந்நீர். பல வீடுகளில் சுவரில் இருப்பது, ஷவருக்கு மட்டும் உடனுக்குடன் சூடாக்கித் தரும் சிறிய கருவி. தொட்டியை நிரப்ப அது போதாது. பெரிய கொதிகலன் வேண்டும் என்றால் அதற்கு வேறு செலவு, வேறு மின்னிணைப்பு.

மூன்றாவது, கீழ்வீடு. தொட்டிக்காகத் தரையை உடைத்தால் அதன் அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டுவிடலாம். பிறகு கீழ்வீட்டுக் கூரையில் சொட்டத் தொடங்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் குளியலறைத் தரையை மாற்ற அனுமதி வாங்க வேண்டும். வீவக பட்டியலில் உள்ள குத்தகையாளரே அந்த வேலையைச் செய்ய வேண்டும். புதிய புளோக்குகளில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரை, சுவர் ஓடுகளை உடைக்கவே கூடாது. எனவே, கடையில் முன்பணம் கட்டுவதற்கு முன் வீவக கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். அறை வாசலின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். தொட்டி உள்ளே போக வேண்டுமே!

அப்படியானால் இந்தத் தொட்டி யாருக்குத்தான் ஏற்றது? தானாக நடந்து, உட்கார்ந்து, எழக்கூடியவர், மூட்டுவலிக்கு வெந்நீரில் கால் நீட்டி உட்கார்ந்தால் இதமாக இருக்கிறது என்பவர், வீட்டில் இன்னொரு குளியலறையும் போதிய இடமும் உள்ளவர். இவர்களுக்கு அது நல்ல துணை. ஆனால், மறதி நோய் உள்ளவர்களுக்கும், சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கும், சக்கர நாற்காலியிலிருந்து தானாக எழ முடியாதவர்களுக்கும் அது தொல்லையாகவே முடியும்.

நான்கு அசைவுகள்

என்ன வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன், பெரியவர் எப்படிக் குளிக்கிறார் என்று பாருங்கள். குளியலை நான்கு அசைவுகளாகப் பிரிக்கலாம். உள்ளே நுழைவது, உட்காருவது, எழுவது, துடைத்து உடுத்தி வெளியே வருவது. எந்த அசைவில் அவர் தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் துணை வேண்டும்.

நுழையும்போது வாசல்படி தடுக்கினால், அதைத் தாழ்த்தலாம் அல்லது சாய்தளம் வைக்கலாம். கதவு உட்பக்கம் திறப்பதாக இருந்தால் மாற்றுவது நல்லது. உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். மடக்குக் கதவோ இழுப்புக் கதவோ பாதுகாப்பானது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

உட்காருவதற்கு நம்மவர்கள் வாளி, குவளையோடு ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொள்கிறார்கள். ஈரத் தரையில் அது சட்டென்று நழுவும். சுவரில் பொருத்தும் மடக்கு இருக்கையோ, கால்களில் ரப்பர் வைத்த குளியல் நாற்காலியோ வேண்டும். உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். வாளியைத் தரையில் வைத்தால் ஒவ்வொரு குவளைக்கும் குனிய வேண்டும். கையில் பிடிக்கும் ஷவர் இருந்தால் குனியவே வேண்டாம்.

எழும்போது பிடிக்க, கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கம்பி ஆள் எடையைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. கைப்பிடியை உறுதியான சுவரில், அவருடைய கை இயல்பாகப் போகும் உயரத்தில் பொருத்த வேண்டும். புதிய வீடுகள் சிலவற்றில் குளியலறையைத் தொழிற்சாலையிலேயே முழுக் கூடாகச் செய்து கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அங்கே கண்டபடி துளை போடக்கூடாது. தெரிந்தவரைக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

வெளியே வரும்போது ஒரு காலில் நின்று கைலி மாற்றுவதும் பாவாடை கட்டுவதும் ஆபத்து. உட்கார்ந்தபடி உடுத்த ஒரு நாற்காலியைப் பக்கத்தில் வையுங்கள்.

எண்ணெயும் வெந்நீரும்

எண்ணெய்க் குளியலை நம் பெரியவர்கள் எளிதில் விடமாட்டார்கள். விடச் சொல்லவும் வேண்டாம். ஆனால், நல்லெண்ணெய் தேய்த்த பாதமும் சீயக்காய் வழியும் தரையும் சேர்ந்தால் கண்ணாடியில் நடப்பது போலத்தான். எண்ணெய் தேய்ப்பதைக் குளியலறைக்கு வெளியே, நாற்காலியில் உட்கார்ந்து செய்யட்டும். பாதத்துக்குக் கடைசியில் தேய்த்து, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே போகட்டும். குளித்து முடித்ததும் வீட்டில் இருப்பவர் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். விடியற்காலையில் குளித்துவிட்டுச் சாமி கும்பிடும் பெரியவர்களுக்கு விளக்கின் சுவிட்ச் இருட்டிலும் கைக்கு எட்ட வேண்டும்.

வெந்நீரிலும் கவனம் தேவை. 60 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள தண்ணீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுடுவது தெரியவே தெரியாது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் குழாய் பொருத்துவது நல்லது. ரத்த அழுத்த மருந்து சாப்பிடுகிறவர் சூடான குளியலுக்குப் பிறகு சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து எழட்டும்.

அரசாங்க உதவி

வீவக வீடுகளுக்கு ‘ஈஸ்’ எனும் திட்டம் 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வழுக்கலைக் குறைக்கத் தரைக்குப் பூச்சு, கைப்பிடிகள், சாய்தளம் ஆகியவை அதில் கிடைக்கும். 2024 ஏப்ரலில் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. மடக்கு இருக்கை, வாசல்படியைத் தாழ்த்துவது, கழிவறை வாசலை அகலப்படுத்துவது போன்றவையும் சேர்ந்தன. வீட்டில் 65 வயதானவர் ஒருவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வயது வரையிலானவருக்குக் குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியங்களில் உதவி தேவைப்பட்டாலும் விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூர்க் குடிமக்களின் வீடுகளுக்குச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. மூவறை வீட்டுக்காரர் கட்டுவது 5 விழுக்காடுதான். கதவுள்ள குளியல் தொட்டி இந்தத் திட்டத்தில் இல்லை. அதற்கு முழுச் செலவும் நம்முடையது.

பூச்சு பூசிய தரையிலும் சோப்புக் கறை படிந்தால் வழுக்கும். வாரந்தோறும் தேய்த்துக் கழுவ வேண்டும். பெரியவர் ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருந்தால் மருத்துவரிடம் கேட்டு, ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட் எனப்படும் சிகிச்சையாளரின் ஆலோசனையைப் பெறுங்கள். எந்த இடத்தில் எந்தப் பிடி வேண்டும் என்று அவர் அசைவைப் பார்த்துச் சொல்வார்.

அவரைக் கேட்டுச் செய்யுங்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு, மிக முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. கைப்பிடி என்ற பேச்சை எடுத்ததுமே, "எனக்கு என்னடா ஆச்சு? நான் நல்லாத்தானே நடக்கிறேன்!" என்று கோபித்துக்கொள்ளும் அப்பாக்கள் உண்டு. அது வீம்பு என்று தள்ளிவிடாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு தானே குளிப்பது மனிதனுக்கு இருக்கும் கடைசிச் சுதந்திரங்களில் ஒன்று. மகனோ மருமகளோ பணிப்பெண்ணோ குளிப்பாட்டும் நாளை நினைத்து அவர் உள்ளுக்குள் பயப்படுகிறார். அந்த நாளைத் தள்ளிப்போடத்தான் இந்தக் கைப்பிடி என்று எடுத்துச் சொல்லுங்கள். அவர் வெளியூர் போயிருக்கும்போது ரகசியமாகப் பொருத்திவைத்தால் அதில் துண்டைத்தான் காயப்போடுவார்! குத்தகையாளர் வரும் நாளில் அவரையே அங்கே உட்கார வைத்து, அவர் கை போகும் இடத்தில் பென்சிலால் குறியிடச் சொல்லுங்கள்.

தொட்டி வேண்டுமா, இருக்கை வேண்டுமா என்பதையும் அவரே சொல்லட்டும். விலை அதிகமான பொருள்தான் அதிகப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். இந்த வார இறுதியில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அப்பாவோ அம்மாவோ உடுத்திய உடையோடு, காய்ந்த தரையில், குளியலறைக்குள் நுழைந்து, உட்கார்ந்து, எழுந்து, வெளியே வந்து காட்டட்டும். அவர்கள் கை எதையெதைத் தேடிப் பிடிக்கிறது என்று பாருங்கள். என்ன வாங்க வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.