ஏடெடுத்த தயிரில் சத்து உண்டா?

சேலத்தில் இரவு உறை ஊற்றிய பால் விடிவதற்குள் தயிராகிவிடும். அதே பாலைச் சேர்வராயன் மலைமேல், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் உறை ஊற்றினால் என்ன ஆகும்? மார்கழிக் குளிரில் காலையிலும் அது சரியாக உறைந்திராது. தயிரை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுறுசுறுப்பாகப் பெருகும், குளிரில் சோம்பிவிடும். பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்படியில் வைப்பது இதனால்தான்.

இந்தப் பாக்டீரியாக்கள் பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கூடக்கூட, கேசீன் என்னும் புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு நீரைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. அதுவே தயிர். கவனித்தீர்களா? உறைவதற்குக் கொழுப்பு தேவையே இல்லை! எனவே ஏடெடுத்த பாலும் உறையும். கெட்டியும் மணமும்தான் சற்றுக் குறையும்.

"ஏடெடுத்த தயிரில் என்ன சத்து இருக்கும்?" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

இந்திய உணவு விதிகளின்படி நிறைகொழுப்புப் பாலில் குறைந்தது 6 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். இருநிலை சமன்படுத்திய பாலில் 1.5 சதவீதம் போதும். ஆனால் கொழுப்பு அல்லாத திடப்பொருள்கள் இரண்டிலுமே குறைந்தது 9 சதவீதம் இருக்க வேண்டும். புரதம், பால் சர்க்கரை, சுண்ணாம்புச் சத்து எல்லாம் இந்த 9-இல் அடக்கம்.

200 கிராம் தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். நிறைகொழுப்புப் பாலில் உறைந்ததானால் கொழுப்பு 12 கிராம். மற்றதில் 3 கிராம். ஒரு கிராம் கொழுப்பு தருவது 9 கிலோகலோரி. ஆக, குறைவது 81 கிலோகலோரி. புரதமோ இரண்டிலும் 6 கிராமுக்குக் குறையாது. சுண்ணாம்புச் சத்து சுமார் 250 முதல் 300 மில்லிகிராம். 13 முதல் 15 வயதுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. எலும்பு வளரும் வயதில், அதில் கால்பங்கை ஒரு கிண்ணம் தயிர் தந்துவிடுகிறது!

அப்படியானால் ஏட்டோடு போவது எது? கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ. இது குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி ஆகியவற்றால் இதை ஈடுசெய்யலாம். நீரில் கரையும் பி வகை வைட்டமின்கள் தயிரிலேயே தங்கிவிடுகின்றன. தயிரின் மேல் தெளிந்து நிற்கும் நீரின் இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறம் ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமின் பி2-வினால் வருவது. அதைக் கீழே கொட்டாதீர்கள்!

நீர்மோரில் சத்து குறைவுதான். ஆனால் அது வெண்ணெய் எடுத்ததால் அன்று, நீர் சேர்த்ததால்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. கொழுப்பு குறைந்த தயிரில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்தால் சுமார் 40 கிலோகலோரி கூடிவிடும். கடையில் வாங்கும் இனிப்புத் தயிரின் உறையில் சர்க்கரை அளவையும் படியுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்காத பாலும் தயிருமே ஏற்றவை.

செய்து பாருங்கள்: இருவகைப் பாலையும் காய்ச்சி ஆறவைத்து, ஒரே அளவாக இரு தம்ளர்களில் ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி உறைமோர் விடுங்கள். எது முந்தி உறைகிறது? எதில் நீர் அதிகம் தெளிகிறது? குறித்துவைத்து, வகுப்பில் ஒப்பிட்டுப் பாருங்கள்.