ஒரு வயலினுக்கு ஆயிரக்கணக்கான பதிவுகள்: கணினி ஒலி நூலகத்தில் கமகம் ஏன் எளிதில் சிக்குவதில்லை?

கொச்சி: திரைப்படத்தின் உருக்கமான காட்சியில் முப்பது வயலின்கள் ஒருசேர ஒலிக்கின்றன. ஆனால், அந்தப் பின்னணி இசை உருவான அறையில் ஒரு வயலின் கலைஞர்கூட இல்லாமல் இருந்திருக்கலாம். இசையமைப்பாளர் கீபோர்டின் கட்டைகளை அழுத்த, எங்கோ எப்போதோ பதிவு செய்யப்பட்ட வயலின் ஒலிகள் கணினியிலிருந்து எழுகின்றன. இத்தகைய ஒலிகளின் தொகுப்பே 'சாம்பிள் லைப்ரரி' எனப்படும் ஒலி நூலகம்.

மேற்கத்திய இசைக்காக உருவான இந்த நூலகங்கள் இன்று இந்தியத் திரையிசையிலும் பரவலாகப் பயன்படுகின்றன. ஆயினும் நமது ராகங்களை வாசிக்க முயலும்போது அவை தடுமாறுகின்றன. இதற்கான காரணத்தை அறிய, அவை உருவாகும் விதத்தை முதலில் அறிய வேண்டும்.

கொச்சியும் வயலினும்

தந்திக் கருவிகளின் ஒலி நூலகம் ஒன்றைத் தென்னிந்தியாவில் உருவாக்க விரும்புவோருக்குக் கொச்சி பொருத்தமான ஊர். இங்குள்ள தேவாலயப் பாடகர் குழுக்களில் வயலின் நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. பாதிரியார் ஆபேல் 1969-இல் தொடங்கிய கலாபவன், இசைக்கலைஞர்கள் பலருக்குப் பயிற்சிக் களமாக அமைந்தது. பாடகர் மெஹபூபும், 2018-இல் மறைந்த கஜல் கலைஞர் உம்பாயியும் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதியின் மெஹ்ஃபில் மரபில் மலர்ந்தவர்கள்.

கேரளத்தில் கர்நாடக இசைக்கும் வயலினுக்குமான உறவு இன்னும் பழமையானது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். ஆக, மேற்கத்திய முறையில் வாசிப்போரும் கமகத்தோடு வாசிப்போரும் அருகருகே கிடைக்கும் மண் இது.

நாடாவில் தொடங்கிய முயற்சி

பதிவு செய்த ஒலியைக் கட்டையின் மூலம் இசைக்கும் எண்ணம் கணினிக்கு முந்தியது. 1960-களில் பிரிட்டனில் தயாரான 'மெல்லோட்ரான்' கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா இருந்தது. கட்டையை அழுத்தினால் அதில் பதிவான வயலின் அல்லது புல்லாங்குழல் ஒலி சுமார் 8 விநாடிகள் ஒலிக்கும். தங்கள் உறுப்பினர்களின் வேலை பறிபோகும் என்று அந்நாட்டு இசைக்கலைஞர்கள் சங்கம் அப்போதே கவலை கொண்டது.

1979-இல் ஆஸ்திரேலியாவில் உருவான 'ஃபேர்லைட்' கருவி, ஒலியை எண்களாக மாற்றிச் சேமித்தது. 2000-இல் செல்லோ கலைஞர் ஹெர்ப் டுக்மண்டில் நிறுவிய வியன்னா சிம்பொனிக் லைப்ரரி, ஒரு முழு இசைக்குழுவின் ஒலிகளையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்யும் பெருமுயற்சியில் இறங்கியது. தனித்தனி ஸ்வரங்களை மட்டுமின்றி, ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்பையும் பதிவு செய்தது அதன் முக்கியப் பங்களிப்பு.

எத்தனை பதிவுகள் தேவை?

ஒரு எளிய கணக்கைப் பார்க்கலாம். வயலினில் ஏறத்தாழ 45 ஸ்வரநிலைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் மிக மென்மை முதல் உரத்த ஒலி வரை 4 நிலைகளில் வாசிக்க வேண்டும். மென்மையான பதிவின் அளவைக் கூட்டினால் அது உரத்த வாசிப்பாகிவிடாது. வில்லின் அழுத்தம் மாறும்போது ஒலியின் தன்மையே மாறுகிறது.

அடுத்து, ஒவ்வொரு நிலையையும் 4 முறை வாசிக்க வேண்டும். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால், அது இயந்திரத் துப்பாக்கியின் சத்தம்போல் செயற்கையாகக் கேட்கும். 45 ஸ்வரநிலைகள், 4 அழுத்தங்கள், 4 முறைகள் எனப் பெருக்கினால் 720 பதிவுகள். இது நீளமாக வில்லிழுக்கும் ஒரு முறைக்கு மட்டுமே.

பதிவுக்கு 8 விநாடிகள் எனில், 96 நிமிடத் தூய ஒலி தேவை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ தரத்தில் இது சுமார் 1.6 ஜிகாபைட் இடம் பிடிக்கும். குறுகிய வில், துள்ளும் வில், விரலால் மீட்டுதல் என 6 முறைகள் எனில் 4,320 பதிவுகள். மைக்ரோஃபோன்களை 3 இடங்களில் வைத்தால் 12,960 கோப்புகள். இவற்றோடு ஸ்வர இணைப்புகளும் உண்டு. ஒரு ஸ்தாயி தூரத்துக்குள் மேலும் கீழும் செல்லும் இணைப்புகள் மட்டும் 924.

மழையும் ஒரு சவால்

பதிவு செய்யும் இடமும் முக்கியம். மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளின் தடித்த சுவர்கள் தெரு இரைச்சலைக் குறைக்கலாம். ஆனால், ஓட்டுக் கூரையில் விழும் மழையின் ஒலி மெல்லிய வயலின் ஒலியோடு கலந்துவிடும். ஒரு பதிவில் கேட்காத சிறு இரைச்சல்கூட, பத்துப் பதிவுகள் ஒன்றாக ஒலிக்கும்போது பெருகிவிடும்.

காற்றின் ஈரப்பதமும் தொல்லை தரும். ஈரம் மிகுந்தால் வில்லின் குதிரைமயிர் தளர்கிறது, மரம் விரிகிறது, சுருதி நகர்கிறது. காலையில் பதிவான ஸ்வரமும் மாலையில் பதிவான ஸ்வரமும் ஒரே கருவியின் ஒலியாகக் கேட்க வேண்டுமெனில், அறையின் வெப்பமும் ஈரப்பதமும் மாறாதிருக்க வேண்டும். பதிவு நடக்கும்போது குளிரூட்டியின் இரைச்சலும் கேட்கக் கூடாது.

கமகம் ஏன் நழுவுகிறது?

மேற்கத்திய நூலகத்தின் அடிப்படை, ஒரு கட்டைக்கு ஒரு நிலையான ஸ்வரம் என்பதாகும். நமது இசையில் ஸ்வரம் பெரும்பாலும் நிலையாக நிற்பதில்லை. தோடி ராகத்தின் காந்தாரம் அண்டை ஸ்வரங்களைத் தொட்டு அசைந்தே தன் உருவைப் பெறுகிறது. அதை நிலையாகப் பிடித்தால், சுருதி சரியாக இருந்தும் தோடி கேட்பதில்லை.

கீபோர்டில் உள்ள வளைவுச் சக்கரத்தால் ஸ்வரத்தை அசைக்கலாமே என்ற கேள்வி எழலாம். அதிலும் சிக்கல் உண்டு. உண்மையான வயலினில் கம்பியின் அதிர்வு மட்டுமே மாறுகிறது. மரப்பெட்டியின் அதிர்வுத் தன்மை மாறுவதில்லை. சக்கரத்தைத் திருப்பினாலோ பதிவு முழுவதும் நகர்கிறது. கருவியே நொடிக்கு நொடி சுருங்கி விரிவதுபோன்ற செயற்கைத்தன்மையைக் காது உணர்ந்துவிடுகிறது.

இதற்கு மூன்று தீர்வுகள் கையாளப்படுகின்றன. முழு ராகப் பிடிகளைப் பதிவு செய்வது முதலாவது. ஒலி இயல்பாக இருக்கும். ஆனால் இசையமைப்பாளர் அந்தப் பிடிகளுக்குள் அடங்க நேரிடும். ஸ்வரங்களுக்கு இடையிலான ஜாருகளையும் அசைவுகளையும் வெவ்வேறு வேகங்களில் பதிவு செய்வது இரண்டாவது. இதற்குப் பதிவுகள் பன்மடங்காகும். கம்பி, வில், மரப்பெட்டி ஆகியவற்றின் இயக்கத்தைக் கணிதமாக்கி ஒலியை உருவாக்குவது மூன்றாவது. இதில் அசைவு எளிது. ஒலியின் உயிர்ப்பே சவால்.

ஒலி யாருக்குச் சொந்தம்?

கலைஞர் ஒருவர் சில நாள்கள் வாசித்துத் தரும் ஒலி, பல்லாண்டுகளுக்கு எண்ணற்ற படைப்புகளில் பயன்படக்கூடும். எனவே ஒப்பந்தம் மிக முக்கியம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞருக்கு 50 ஆண்டு உரிமை அளிக்கிறது. உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கருதுகிறது.

ஒருமுறை ஊதியமா, விற்பனையில் பங்கா, எத்தனை ஆண்டுகளுக்கு, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு இந்த ஒலிகள் பயன்படலாமா ஆகியவை எழுத்தில் இடம்பெறுவது கலைஞருக்கும் தயாரிப்பாளருக்கும் பாதுகாப்பு.

இழப்பும் காப்பும்

ஒலி நூலகம் சிறு தயாரிப்புகளுக்கும் இளம் இசையமைப்பாளர்களுக்கும் பெரும் உதவி. அதேவேளையில், குழுவாக வாசித்துப் பிழைத்த கலைஞர்களின் வாய்ப்பைக் குறைக்கவும் வல்லது. எனினும் மனிதக் குழுவின் தேவை முடிந்துவிடவில்லை. 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவினர் நேரில்தான் அரங்கேற்றினர்.

நூலகத்துக்கு மற்றொரு பயனும் உண்டு. கேரளத்தின் புள்ளுவன் வீணை, நந்துணி போன்ற கருவிகளை வாசிப்போர் வெகுசிலரே. அவற்றின் ஒலியை இப்போதே முறையாகப் பதிவு செய்தால் வருங்காலத்துக்கு ஆவணமாகும். தமிழரின் யாழுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. விபுலானந்த அடிகள் 1947-இல் வெளிவந்த 'யாழ் நூல்' வழியே அதன் இலக்கணத்தை ஆராய்ந்து தந்தார். ஆயினும் பழந்தமிழர் கேட்ட ஒலி இன்று நம்மிடம் இல்லை. புள்ளுவன் வீணையை மீட்டும் கைகள் இன்றும் உள்ளன. கமகத்தையும் கலைஞரின் உரிமையையும் முதலிலேயே கணக்கில் கொண்டு தொடங்கும் நூலகமே அவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ஒருசேரப் பயன்படும்.