கிறிஸ்துமஸும் கல்யாணக் காலமும்: இராமநாதபுரக் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரத்தின் வேர்க்கோடு, தெற்கே மூக்கையூர் எனக் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் வாழும் ஊர்கள் பல உள்ளன. இவ்வூர்களில் டிசம்பர் நட்சத்திர விளக்கும் குடிலும் கட்டும் மாதம். கல்யாணப் பந்தல் போடும் மாதம் அதற்குப் பிறகு வருகிறது. கிறிஸ்துமஸ் காலம் முடிந்து தவக்காலம் தொடங்குவதற்கு இடைப்பட்ட வாரங்களே கிறிஸ்தவத் திருமணங்களுக்குரிய மரபான காலம். இந்தக் கால ஒழுங்கு எப்படி வந்தது, ஒரு காதல் திருமணமாக ஏற்கப்படத் திருச்சபை என்ன கேட்கிறது, இப்பகுதியின் வரலாற்றில் அந்தக் கேள்வி எப்படி ஒரு உயிர்ப்பலி வரை சென்றது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

தென் தமிழகக் கடற்கரையில் கத்தோலிக்கம் வேரூன்றியது 1535-1537 ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றதன் வழியாகும். 1542-ல் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார் இக்கடற்கரையில் பணியாற்றினார். அவருடைய இயேசு சபையைச் சேர்ந்த அந்தோணி கிரிமினாலி 1549-ல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் கொல்லப்பட்டார். இன்று இராமநாதபுரம் மாவட்டத்தின் கத்தோலிக்கப் பங்குகள் 1987-ல் மதுரை மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை.

டிசம்பரில் ஏன் திருமணம் இல்லை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கியது திருவருகைக் காலம். ஈஸ்டருக்கு முன் சாம்பல் புதனில் தொடங்குவது தவக்காலம். இவ்விரண்டும் ஆயத்தத்துக்கும் ஒறுத்தலுக்கும் உரியவை. 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் திருவருகைக் காலத் தொடக்கம் முதல் ஜனவரி 6 மூவரசர் திருவிழா வரையிலும், சாம்பல் புதன் முதல் ஈஸ்டரின் எட்டாம் நாள் வரையிலும் ஆடம்பரத் திருமணங்களைத் தடைசெய்தது. 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு முதல் தடையைக் கிறிஸ்துமஸ் நாளோடு முடித்தது. 1983-ம் ஆண்டுத் தொகுப்பில் இந்தத் தடை இல்லை. ஆனாலும் அக்காலங்களின் தன்மையை மதிக்க வேண்டும் என்பதால் பல பங்குகளில் அவ்வாரங்களில் திருமணம் வைப்பதில்லை.

சாம்பல் புதன் ஈஸ்டரைப் பொறுத்து நகர்வதால் இந்தத் திருமண இடைவெளியின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சாம்பல் புதன் மிக முந்தி வந்தால் பிப்ரவரி 4. மிகப் பிந்தி வந்தால் மார்ச் 10. 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் அது பிப்ரவரி 14-ல், காதலர் தினத்தன்றே வந்தது.

இது தமிழ் நாட்காட்டியோடும் பொருந்திப்போகிறது. டிசம்பர் நடுவில் தொடங்கும் மார்கழியில் இந்துக்களும் திருமணம் வைப்பதில்லை. மூவரசர் திருவிழா கழிந்து சில நாட்களில் தை பிறக்கிறது. எனவே காரணம் வேறாக இருந்தாலும், பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் ஏறத்தாழ ஒரே வாரங்களில் மண்டபம் தேடுகின்றன.

கடலும் இதில் பங்கு கொள்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கடல் கொந்தளிப்பும் புயல் எச்சரிக்கையும் மிகுந்த மாதங்கள். 1964 டிசம்பர் 22-23 இரவில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாட்களே இருந்தபோது, தனுஷ்கோடி நகரம் புயலில் அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் கடலில் அடித்துச் செல்லப்பட்டது. கூரை இழந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. பின்னர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருக்கும் காலம் என்றாலும், வருமானம் நின்றுபோகும் காலமும் அதுவே. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள தை, மாசி மாதங்கள் வீட்டுச் செலவுக்கும் விருந்துக்கும் ஏற்றவை.

ஓலை வாசித்தல்

திருமணத்துக்கு முன் மணமக்களின் பெயர், பெற்றோர் பெயர், பங்கு ஆகியவற்றை ஞாயிறு திருப்பலியில் மூன்று வாரங்கள் அறிவிப்பது வழக்கம். இதை ஓலை வாசித்தல் என்பர். இருவரும் வேறு வேறு பங்கினர் என்றால் இரண்டு கோவில்களிலும் வாசிக்கப்படும். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் உண்டு என்று அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

ஜனவரி நடுவில் திருமணம் என்றால் ஓலை வாசிக்கப்படுவது டிசம்பர் இறுதி ஞாயிறுகளில். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் பண்டிகைக்காக ஊர் திரும்பி, கோவில் நிரம்பி வழியும் நாட்கள் அவை. அதுவரை இரு வீட்டாருக்கு மட்டும் தெரிந்திருந்த, அல்லது அவர்களுக்கும் தெரியாமல் இருவருக்கு மட்டும் தெரிந்திருந்த ஒரு விருப்பம், முழு ஊருக்கும் அறிவிக்கப்பட்ட செய்தியாக மாறுவது பெரும்பாலும் கிறிஸ்துமஸ் காலத்தில்தான்.

காதலுக்குத் திருச்சபை கேட்பது என்ன

கத்தோலிக்கச் சட்டப்படி திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம். குரு அதைக் கேட்டுப் பெறும் சாட்சியே. பீடத்தின் முன் மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன: வற்புறுத்தல் இன்றி முழு மனத்துடன் வந்திருக்கிறீர்களா, வாழ்நாள் முழுதும் ஒருவரையொருவர் மதித்து நேசிப்பீர்களா, பிள்ளைகளை ஏற்று வளர்ப்பீர்களா. பின்னர் குருவும் இரண்டு சாட்சிகளும் கேட்க மணமக்கள் சம்மதத்தைச் சொல்கின்றனர். பெற்றோர் மிரட்டியோ உறவினர் அச்சுறுத்தியோ பெற்ற சம்மதம் செல்லாது; அப்படி நடந்த சடங்கு திருமணமே ஆகாது.

இதன் விளைவு இரண்டு. பெற்றோர் பார்த்து முடித்த திருமணமாயினும் காதல் திருமணமாயினும் சட்டத்தின் கண்ணில் வேறுபாடு இல்லை. அதே சமயம், சட்டப்படியான வயதை அடைந்தவர்களின் திருமணத்தைப் பெற்றோரின் எதிர்ப்பு மட்டுமே செல்லாததாக்காது. இந்தியாவில் அந்த வயது ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. கிறிஸ்தவத் திருமணங்களுக்கான அரசுச் சட்டம் 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமாகும்.

காதலர் இருவரில் ஒருவர் திருமுழுக்குப் பெறாதவர் என்றால் ஆயரின் விதிவிலக்கு தேவை. அவர் மதம் மாற வேண்டும் என்பது நிபந்தனை அன்று. கத்தோலிக்கத் துணை தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்குறுதி தர வேண்டும். அந்த வாக்குறுதி மற்றவருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். மற்றவர் சி.எஸ்.ஐ. போன்ற வேறு சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர் என்றால் ஆயரின் அனுமதி போதும்.

முறைப்பெண்ணும் உறவுத் தடையும்

தமிழ் வழக்கில் அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண்கள். அக்காள் மகளை மணப்பதும் உண்டு. திருச்சபைச் சட்டத்திலோ இரத்த உறவில் நான்காம் படி வரை திருமணத் தடை உள்ளது. கணக்கு இது: உடன்பிறந்தவர்கள் இரண்டாம் படி, தாய்மாமனும் அக்காள் மகளும் மூன்றாம் படி, அத்தை மகனும் மாமன் மகளும் நான்காம் படி. இரண்டாம் படிக்கு ஒருபோதும் விலக்கு இல்லை. மூன்றாம், நான்காம் படிகளுக்கு ஆயர் விலக்கு அளிக்கலாம்.

ஆகவே ஊர் "உரிமை" என்று சொல்லும் உறவுக்குத் திருச்சபை விலக்குக் கேட்கச் சொல்கிறது. ஊர் தயங்கும் அந்நியக் காதலுக்கு, மணமக்கள் இருவரும் கத்தோலிக்கராயின், எந்த விலக்கும் தேவையில்லை. ஒரே கடற்கரையில் இரண்டு அளவுகோல்கள் அருகருகே இயங்குகின்றன.

தாலி

மோதிரத்தோடு தாலியும் கட்டுவது தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கம். தாலி மந்திரிக்கப்பட்ட பின் மணமகன் கட்டுகிறார். இவ்வழக்கமும் விவாதத்தைக் கடந்தே வந்தது. 1703-ல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைத் தடைசெய்து, சிலுவையோ இயேசு, மரியாள் உருவமோ பொறித்த தாலியை ஏற்றார். கிறிஸ்தவத் தாலிகளில் இன்று சிலுவை காணப்படுவதன் பின்னணியில் இந்த வரலாறும் இருக்கிறது.

ஓரியூர்: 1693

திருமணத்தைப் பற்றிய இக்கேள்வி இராமநாதபுரச் சீமையில் மிகக் கடுமையாக எழுந்தது அருளானந்தர் காலத்தில். ஜான் தெ பிரிட்டோ என்னும் அவர் 1647-ல் லிஸ்பனில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, 1670-களில் மதுரை மறைத்தளத்துக்கு வந்தவர். தமிழ்ப் பெயர் பூண்டு, பண்டாரசுவாமிகளைப் போல உடுத்திப் பணியாற்றினார். 1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளாகி, கிழவன் சேதுபதியால் விடுவிக்கப்பட்டார். ஐரோப்பா சென்று 1690-ல் திரும்பினார்.

சேதுபதி மரபில் ஆட்சிக்கு உரிமை கோரத்தக்கவரான தடியத்தேவர் கடும் நோயிலிருந்து மீண்டார். உபதேசியார் ஒருவர் நற்செய்தி வாசித்து வேண்டியதே காரணம் என நம்பித் திருமுழுக்குக் கேட்டார். அவருக்கு ஐந்து மனைவியர். ஒருவரை மட்டும் மனைவியாகக் கொள்ள வேண்டும் என்றார் அருளானந்தர். தடியத்தேவர் உடன்பட்டு, 1693 ஜனவரி 6, மூவரசர் திருவிழா அன்று திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் சேதுபதியின் உறவுப்பெண். அவர் சேதுபதியிடம் முறையிட்டார். ஜனவரி 8-ல் அருளானந்தர் கைது செய்யப்பட்டார். பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு உயிர்நீத்தார்.

அன்று சாம்பல் புதன். அது வரக்கூடிய மிக முந்திய நாளில் அந்த ஆண்டு வந்திருந்தது. அதாவது, திரெந்து விதிப்படி திருமணங்களுக்குத் திறந்திருந்த காலம் மிகச் சுருங்கிய ஆண்டு 1693. ஒரு திருமண வழக்கு அந்தக் காலம் திறந்த நாளில் தொடங்கி, அது மூடிய நாளில் ஒரு சாவில் முடிந்தது. இது தற்செயல்தான். ஆயினும் வழக்கின் பொருளை நினைவில் நிறுத்த உதவுகிறது.

இவ்வரலாறு பெரும்பாலும் மறைசாட்சியின் பக்கமிருந்தே சொல்லப்படுகிறது. விலக்கப்பட்ட மனைவியரின் பக்கமும் எண்ணத்தக்கது. அரச மரபில் திருமணம் குடும்பங்களுக்கிடையிலான உடன்படிக்கை. மனைவி என்ற நிலையே ஒரு பெண்ணின் மரியாதைக்கும் பாதுகாப்புக்கும் அடிப்படை. கிழவன் சேதுபதி 1710-ல் இறந்தபோது அவருடைய 47 மனைவியர் உடன்கட்டை ஏறியதாக இயேசு சபைக் கடிதம் ஒன்று கூறுகிறது. அத்தகைய உலகில் "ஒருவனுக்கு ஒருத்தி" என்ற விதி ஒரு பெண்ணுக்கு முழு மனைவி நிலையைத் தந்தது. நான்கு பெண்களிடமிருந்து அதை எடுத்தது. தாம் கேட்டுப் பெறாத ஒரு மாற்றத்தின் விலையை அவர்களே செலுத்தினர். இளையவரின் முறையீட்டை வெறும் பொறாமை என்று தள்ளுவது அவருக்கு நீதி ஆகாது. தடியத்தேவரின் அரசுரிமையும் அவருடைய மதமாற்றத்தை அரசியல் ஆபத்தாக்கியது.

அருளானந்தர் 1853-ல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947 ஜூன் 22-ல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். ஓரியூரின் செம்மண்ணை மக்கள் அவருடைய இரத்தம் தோய்ந்த மண் எனப் போற்றி எடுத்துச் செல்கின்றனர்.

இன்றைய பொருள்

கிறிஸ்துமஸ் பின்னணியில் சொல்லப்படும் காதல் கதைகளில் தடையாக நிற்பது பெரும்பாலும் காதலரின் சொந்தத் தயக்கமே. பனியும் விளக்கும் அதைக் கரைத்துவிடும். இராமநாதபுரக் கடற்கரையில் தடைகள் வெளியே இருக்கின்றன: உறவுமுறை, மதம், சாதி, கடல் தரும் வருமானம், கோவில் நாட்காட்டி. அவற்றின் நடுவே திருச்சபை இறுதியாகக் கேட்பது இருவரின் மனமொத்த சம்மதத்தை. 1693-ல் நான்கு மனைவியரின் வாழ்க்கை அவர்களைக் கேளாமலே தீர்மானிக்கப்பட்டது. இன்று பீடத்தின் முன் முதல் கேள்வி பெண்ணிடமும் தனியாகக் கேட்கப்படுகிறது. அவள் பதில் இன்றித் திருமணம் இல்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இறக்கப்பட்ட பின் கட்டப்படும் கல்யாணப் பந்தலின் மையம் அந்தப் பதிலே.