சுரண்டலாம் வாங்க!

தலைப்பைப் பார்த்துட்டு அரசியல் பதிவுன்னு ஓடி வந்தவங்க அப்படியே உட்காருங்க, டீ சொல்றேன். இது வேற சுரண்டல். வலைப்பக்கத்துல இருக்கிற தகவலை நிரல் எழுதி எடுக்கிறது. ஸ்க்ரேப்பிங்னு சொல்வாங்க. ஜெர்மனியில முதுகலை படிக்க வந்ததுல இருந்து என் பாதி ஆய்வு இதுலதான் ஓடுது.

பக்கத்தை இறக்குறது ரெண்டு வரி வேலை. இறக்கின பக்கத்துல நமக்கு வேண்டிய துண்டை "இந்தா, இதுதான்"னு சரியாச் சுட்டிக்காட்டுறதுலதான் சமாச்சாரமே இருக்கு. நிரல்ல மத்த இடத்துல தப்பு பண்ணினா சிவப்புல கத்தும். இங்க தப்பா எடுத்தா கத்தாது. தப்பான தகவலைச் சமர்த்தா அடுக்கி வச்சுட்டுச் சிரிக்கும்.

எங்க ஆய்வகத்துல ஒரு நண்பனுக்கு நடந்தது இது. ஒரு இணையக் கடையோட விலைகளை மூணு வாரம் தினமும் சேகரிச்சான். வரைபடம் போட்டுப் பேராசிரியர்கிட்ட காட்டினான். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நடுவுல தள்ளுபடி வாரம் வந்துச்சே, விலை ஏன் இறங்கவே இல்லை?" பய புள்ள திருதிருன்னு முழிச்சான். பக்கத்துல ரெண்டு விலை இருந்திருக்கு. கோடு போட்டு அடிச்ச பழைய விலை ஒண்ணு, புது விலை ஒண்ணு. ரெண்டோட கிளாஸ் பேருலயும் "ப்ரைஸ்"ங்கிற சொல் உண்டு. "ப்ரைஸ்னு எங்க வந்தாலும் முதல்ல சிக்குறதை எடு"ன்னு இவன் எழுத, அது பழைய விலையையே தினமும் எடுத்துக் கொடுத்துருக்கு. மூல பக்கங்களையும் சேமிக்கலை. போன வாரத்து விலையை எங்க போய்த் தேடுறது? மூணு வாரம் போச்சு.

சரி, எப்படிச் சுட்டிக்காட்டணும்? பழகுறதுக்குன்னே புக்ஸ்.டுஸ்க்ரேப்.காம்னு ஒரு தளம் இருக்கு. பொய்யான புத்தகக் கடை. 1000 புத்தகம், பக்கத்துக்கு 20, மொத்தம் 50 பக்கம். யாரும் திட்ட மாட்டாங்க. கீழ தமிழ்ல எழுதுற பேரெல்லாம் நீங்க ஆங்கிலத்துல தட்டிக்கோங்க.

முதல் விதி: விலாசத்தை எண்ணிக்கையில சொல்லாதீங்க. உலாவியில வலது சொடுக்கு போட்டு 'காப்பி எக்ஸ்பாத்'னு எடுத்தா, "பாடிக்குள்ள மூணாவது டிவ், அதுக்குள்ள ரெண்டாவது டிவ்"னு நீளமா ஒண்ணு கொடுக்கும். மேல புதுசா ஒரு விளம்பரத்தைச் சொருகினாப் போதும், மூணாவது நாலாவதாயிடும். நம்ம ஊர்ல அப்படியா வழி சொல்றோம்? "பிள்ளையார் கோயில் எதுத்த வீடு"ன்னுதானே சொல்றோம்! அந்த மாதிரி அடையாளம் வச்சுப் பிடிக்கணும். இந்தக் கடையில ஒவ்வொரு புத்தகமும் "ஆர்டிக்கிள்.ப்ராடக்ட்_பாட்"ங்கிற பெட்டிக்குள்ள இருக்கு. விலை "பி.ப்ரைஸ்_கலர்". நடுவுல இருக்கிற புள்ளிக்கு "இந்தக் கிளாஸ் உள்ள"ன்னு அர்த்தம்.

காப்பி எக்ஸ்பாத்துல இன்னொரு வில்லங்கமும் இருக்கு. அட்டவணைக்குள்ள "டிபாடி"ன்னு ஒண்ணு மூல பக்கத்துல இல்லாட்டியும் உலாவி தானாச் சேர்த்துக்கும். பாதையிலயும் அது வந்துடும். நம்ம எல்எக்ஸ்எம்எல் நூலகம் அதைச் சேர்க்காது. கண்ணுக்கு முன்னாடி அட்டவணை இருக்கும், நிரல் "ஒண்ணுமில்லை"ன்னு வெறும் பட்டியலை நீட்டும்.

ரெண்டாவது விதி: முதல்ல பெட்டி, அப்புறம் உள்ள இருக்கிற சாமான். தலைப்பையெல்லாம் ஒரு பட்டியல், விலையையெல்லாம் ஒரு பட்டியல்னு தனித்தனியா எடுத்து ஜோடி சேர்க்காதீங்க. ஏழாவது பொருளுக்கு விலை போடலைன்னா எட்டாவதோட விலை ஏழாவதுக்குப் போயிடும். அதுக்கப்புறம் எல்லாமே இடம் மாறின கல்யாணம்தான். பெட்டி பெட்டியா எடுத்து, ஒவ்வொண்ணுக்குள்ளயும் தேடணும். அப்படித் தேடும்போது எக்ஸ்பாத்ல "//" ன்னு ஆரம்பிச்சா பெட்டியை விட்டுட்டு முழுப் பக்கத்தையும் தேடும். முன்னாடி ஒரு புள்ளி வச்சு ".//" ன்னு எழுதணும். ஒரே ஒரு புள்ளிதான். அது இல்லாட்டி 20 புத்தகத்துக்கும் முதல் புத்தகத்தோட விலையே வரும்.

மூணாவது விதி: கண்ணுக்குத் தெரியுற எழுத்தை நம்பாதீங்க. இந்தக் கடையோட முதல் புத்தகம் "எ லைட் இன் தி அட்டிக்". பக்கத்துல "எ லைட் இன் தி ..." ன்னு வெட்டித்தான் காட்டும். முழுப்பேரு இணைப்போட "டைட்டில்" பண்புல ஒளிஞ்சிருக்கு. எத்தனை நட்சத்திரம்ங்கிறதும் எழுத்தா இல்லை, "ஸ்டார்-ரேட்டிங் த்ரீ"ன்னு கிளாஸ் பேராவே இருக்கு. அதே புத்தகத்தோட விலை £51.77. பைத்தான்ல "ரிக்வெஸ்ட்ஸ்" வச்சு இறக்கி, "டெக்ஸ்ட்"டை அப்படியே எடுத்தா £ குறிக்கு முன்னாடி ஒரு குப்பை எழுத்து ஒட்டிக்கிட்டு வரும். தளம் தன் எழுத்துக்குறியாக்கத்தைத் தலைப்புத் தகவல்ல சொல்லாததால நூலகம் தானா ஒண்ணை ஊகிச்சுக்கும். அதுதான் காரணம். இங்க ஒரு எழுத்தோட போச்சு. தமிழ்ப் பக்கமா இருந்தா மொத்தமும் ஜிலேபியாயிடும், நமக்கெல்லாம் பழகின ஜிலேபிதான்! "டெக்ஸ்ட்"டுக்குப் பதிலா "கன்டென்ட்"டை ப்யூட்டிஃபுல் சூப்புக்குக் கொடுத்தா, பக்கத்துக்குள்ள யூடிஎஃப்-8ன்னு எழுதியிருக்கிறதை அது படிச்சுக்கும்.

எவ்வளவு தேடியும் கிடைக்கலையா? அந்தத் தகவல் பக்கத்துலயே இல்லாம, ஜாவாஸ்கிரிப்ட் பின்னால கொண்டு வந்து ஊத்துறதா இருக்கலாம். உலாவிக் கருவியில 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து பாருங்க. அழகா அடுக்கின ஜேசன் வடிவத்துல அதே தகவல் வந்துட்டு இருந்தா, சுரண்டவே தேவையில்லை.

கடைசியா, நண்பன் புண்ணியத்துல எங்க ஆய்வகத்துல வந்த ரெண்டு வழக்கம். ஒண்ணு, முதல்ல மூல பக்கத்தை அப்படியே சேமிக்கணும், தேடுறதெல்லாம் அப்புறம். தேடினது தப்பானாலும் திரும்பத் தேடிக்கலாம். ரெண்டாவது, எண்ணிப் பார்க்கணும். 20 பெட்டி வரவேண்டிய இடத்துல 19 வந்தா நிரல் அங்கேயே நின்னு கத்தணும். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கிறது சமையல்ல சரி. இங்க முதல் சோறு வெந்திருக்கும், பத்தாவது சோறு கல்லா இருக்கும்.

எல்லாம் சரி, இது நியாயமான்னு கேட்பீங்க. 1994-லயே ரோபாட்ஸ்.டெக்ஸ்ட்னு ஒரு வழக்கம் வந்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு தளக்காரர் எழுதி வைக்கிற போர்டு. 2022-ல ஆர்எஃப்சி 9309-ன்னு முறையாவே எழுதிட்டாங்க. அது பூட்டு இல்லை, போர்டுதான். நிரல் நினைச்சாத் தாண்டலாம். ஆனா போர்டைப் படிச்சு, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவுல ரெண்டு விநாடி மூச்சு விட்டு எடுத்தா அது சேகரிப்பு. ராத்திரியோட ராத்திரியா அடிச்சு அடுத்தவன் சர்வரைப் படுக்க வச்சா அதுக்குப் பேருதான் நிஜமான சுரண்டல்.

டிஸ்கி: நண்பன் மறுபடி முதல் நாள்ல இருந்து சேகரிக்க ஆரம்பிச்சுட்டான். இந்தத் தடவை தள்ளுபடி வாரம் எப்ப வரும்னு அவனை விட நாங்கதான் ஆவலா இருக்கோம். உங்களுக்குத் தெரிஞ்ச வில்லங்கம் வேற ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க.