மடங்கிய விரலுக்கு ஓர் ஊசிமருந்து

பிக்கட்டிச் சரிவுகளில் கொழுந்து கிள்ளும் கைக்கு மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கிவிட்டால் பிழைப்பே தடைப்படும். உள்ளங்கைத் தோலடிச் சவ்வு தடித்துக் கயிறுபோல் இறுகுவதே டுபுய்ட்ரன் சுருக்கம். நீரிழிவு உள்ளோருக்கு இது சற்று மிகுதி. தொழுநோயோ என அஞ்சுவோர் உண்டு. அதில் உணர்ச்சி குன்றும், இதில் குன்றுவதில்லை. உள்ளங்கையை மேசைமீது பதித்துப் பாருங்கள். தட்டையாகப் படியாவிடில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொலாஜினேஸ் என்னும் நொதியை அக்கயிற்றினுள் செலுத்தினால் அதன் கொலாஜன் புரதம் சிதையும். ஓரிரு நாள் கழித்து மருத்துவர் விரலை இழுத்து நீட்ட, நலிந்த கயிறு அறுபடும். அமெரிக்கா 2010இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. ஐரோப்பாவில் 2020இல் விலக்கிக்கொள்ளப்பட்டது, வணிகக் காரணத்தாலேயே. வீக்கமும் இரத்தக்கட்டும் வழக்கமானவை. தசைநாண் அறுதல் அரிது, எனினும் கடுமையானது. விரல் மீண்டும் மடங்கவும் கூடும். இம்மருந்து கிடைக்காவிடினும், ஊசிமுனையால் கயிற்றை அறுத்தலும் அறுவை சிகிச்சையும் உண்டு.