அயிரையும் வராலும்: மதுரைச் சமவெளிக் கண்மாய்களில் இரைமீனின் இடமும் மதிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

சிறுமீனை இரையாக்கிப் பெருமீனை அடைதல் தமிழில் பழமொழியாகவே நிலைபெற்ற செய்தியாகும். அப்பழமொழி குறிக்கும் அயிரை, வரால் ஆகிய மீன்களின் இயல்பையும், விரால் வளர்க்கும் குளத்திற்கு இரைமீன் பிடித்துவிடும் முறையையும், அதன் வரம்புகளையும் எழுமலையை உள்ளடக்கிய மதுரைச் சமவெளியின் கண்மாய்ச் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அயிரை, விரால், இரைமீன், கண்மாய், பழமொழி நானூறு.

முன்னுரை

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான பழமொழி நானூறு முன்றுறை அரையனாரால் இயற்றப்பெற்றது. சிறுபொருள் கொடுத்துப் பெரும்பொருள் பெறக் கருதுவோரை, அயிரையை விட்டு வராலைப் பிடிப்போர்க்கு அந்நூல் ஒப்பிடுகிறது. அந்நூல் வரால் எனச் சுட்டும் மீனே இன்றைய வழக்கில் விரால் எனப்படுகிறது. இவ்வுவமை பொருந்துவதற்கு இரண்டு அடிப்படைகள் வேண்டும். ஒன்று, அயிரை வராலுக்கு இரையாதல். மற்றொன்று, அயிரையின் மதிப்பு வராலின் மதிப்பினும் குறைவாயிருத்தல். முன்னது உயிரியல் சார்ந்தது, இன்றும் மாறவில்லை. பின்னது சந்தை சார்ந்தது. மதுரை வட்டாரத்தில் அது தலைகீழாகிவிட்டது. இம்மாற்றம் குளத்தில் மீன் வளர்ப்போரின் தேர்வை எவ்வாறு பாதிக்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கண்மாய்ச் சூழல்

உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டிய வறட்சி மிகுந்த சமவெளியில் எழுமலை அமைந்துள்ளது. இப்பகுதிக் கண்மாய்கள் பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் பெருகும் நீர் பாசனத்தாலும் வெயிலாலும் குறைந்து, கோடையில் மடைவாய்ப் பள்ளங்களில் மட்டுமே எஞ்சும். எனவே இங்குள்ள நீர்நிலைகளில் மீன்வளம் ஆண்டுதோறும் பெருகிச் சுருங்கும் தன்மையது. நீர் வற்றும் காலத்தில் மீன்கள் ஓரிடத்தில் செறிவதால் ஊத்தா, கச்சா, வீச்சுவலை முதலியவற்றால் அவற்றைப் பிடித்தல் எளிதாகிறது. ஊர்கூடி மீன்பிடிக்கும் திருவிழாக்கள் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோடையில் நிகழ்வதற்கும் இதுவே காரணம்.

விராலின் இயல்பு

விரால் ஊனுண்ணி. செவுள்களுடன், காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் துணையுறுப்பும் இதற்கு உண்டு. ஆதலின் உயிர்வளி குறைந்த நீரிலும் வாழும். நீர் வற்றினால் சேற்றில் புதைந்து சிலகாலம் தாக்குப்பிடிக்கும். வறட்சி மிகுந்த கண்மாய்க்கு இது ஏற்ற மீன் என்பது இதனால் விளங்கும். குஞ்சுப் பருவத்தில் நுண்ணிய மிதவை உயிரிகளை உண்டு, வளர வளரப் பூச்சி, தலைப்பிரட்டை, சிறுமீன் ஆகியவற்றுக்கு மாறும். இரை போதாதவிடத்துத் தன்னினத்துச் சிறியவற்றையே விழுங்கும். எனவே விரால் குளத்தில் இரைமீன் இடுவது வளர்ச்சிக்கு மட்டுமன்றி, விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையைக் காப்பதற்கும் உரியதாகும். குஞ்சுகளை அளவுவாரியாகப் பிரித்து வளர்ப்பதும் இக்காரணம் பற்றியே.

இரைக்கும் ஊனுண்ணிக்கும் உள்ள விகிதம்

இவ்வுறவை அளவிட்டு ஆராய்ந்தோருள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஆபர்னைச் சேர்ந்த ஹோமர் ஸ்விங்கிள் முதன்மையானவர். பாஸ் என்னும் ஊனுண்ணி மீனையும் அதற்கு இரையாகும் புளூகில் என்னும் சிறுமீனையும் ஒரே குளத்தில் வளர்த்து ஆராய்ந்த அவர், 1950இல் வெளியிட்ட ஆய்வில் சமநிலைக் குளம் என்னும் கருத்தை விளக்கினார். இரைமீன்களின் மொத்த எடையை ஊனுண்ணிகளின் மொத்த எடையால் வகுத்துக் கிடைக்கும் ஈவு 3 முதல் 6 வரை இருத்தல் விரும்பத்தக்கது என்பது அவர்தம் முடிவு. இரை குறைந்தால் ஊனுண்ணி மெலியும். இரை மிகுந்தால் சிறுமீன்கள் நெருக்கடியால் வளராமல் குறுகும்.

பாஸ் மீனுக்குக் கண்ட எண்ணை விராலுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் அதன் அடிப்படை பொதுவானது. இரை தின்னும் மீனின் வாய்க்குள் அடங்கும் அளவினதாயிருத்தல் வேண்டும். தின்னப்படும் வேகத்திற்கு ஈடாகப் பெருகவும் வேண்டும். பிடித்துவிட்ட இரைமீன் குளத்தில் இனம்பெருக்காவிடின், மீண்டும் மீண்டும் பிடித்துவிட வேண்டியதாகும்.

பிடித்தலும் விடுதலும்

இரைக்குரிய சிறுகெண்டை முதலியவற்றை வெயிலேறுமுன் பிடித்து, நெரிசலின்றி நிழலில் கொண்டுசெல்லுதல் நன்று. பிடித்தவற்றை உடனே குளத்தில் விடுதல் இருவகையில் தீங்காகலாம். ஒன்று நோய். இந்தியாவில் 1988இல் வடகிழக்கு மாநிலங்களில் தோன்றிப் பரவிய தொற்றுப் புண்நோய் விரால் இனங்களைக் கடுமையாகத் தாக்கியது. நீர்நிலை மாற்றி விடப்படும் மீன்வழி இந்நோய் பரவக்கூடும். மற்றொன்று வேண்டாத இனம். சிறுமீன் கூட்டத்தில் கலந்து வரும் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளிற்றின் குஞ்சு விராலுக்கே போட்டியாக வளரும். ஆதலின் தனித்தொட்டியில் சில நாள் வைத்து, புண்பட்டவற்றையும் அயலினத்தையும் நீக்கியபின் விடுதலே முறையாகும்.

1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட சிலேபிக் கெண்டை ஆண்டில் பலமுறை இனம்பெருக்கும். அடைத்த குளத்தில் அதன் குஞ்சுகள் விராலுக்கு இடையறாத இரையாகின்றன. விராலும் அதன் மிகைப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆயின் கண்மாயில் அது புகுந்தால் நாட்டுமீன்களின் இடத்தைப் பற்றிக்கொள்ளும். எனவே கண்மாயோடு நீர்த்தொடர்பு உள்ள குளங்களுக்கு அது ஏற்றதன்று.

மதிப்பின் மாற்றம்

விரலளவே வளரும் அயிரை, மதுரை வட்டார உணவில் தனியிடம் பெற்றது. உயிருடன் விற்கப்படும் இம்மீன், எடைக்கு எடை விராலினும் கூடுதல் விலை பெறுவது இன்றைய வழக்கம். ஊனுண்ணி மீன் ஒரு கிலோ எடை கூடப் பல கிலோ இரைமீனை உண்ண வேண்டும். இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், அயிரையை விட்டு விராலை வளர்ப்போர் பெரும்பொருள் கொடுத்துச் சிறுபொருள் பெறுவோராகின்றனர். மேலும், கண்மாய் அயிரை சிறுமீன் பிடித்து விற்போரின் பருவகால வருவாயுமாகும். அதனைத் தனியார் குளத்து இரையாக்குதல் பொதுவளத்தைக் குறைப்பதாகவும் முடியும்.

முடிவுரை

பழமொழி நானூறு கூறும் உவமை மீன்களின் உறவைச் சரியாகக் கண்டுரைத்தது. அதன் பொருளாதார அடிப்படை மட்டுமே காலத்தால் மாறியுள்ளது. எழுமலை போன்ற வறண்ட சமவெளியில் விரால் வளர்ப்போர், குளத்திலேயே பெருகும் மலிவான இரையைத் தேர்ந்து, அயிரையைக் கண்மாயிலேயே விட்டுவைத்தல் வேண்டும். சிறிதைக் கொடுத்துப் பெரிதைப் பெறுக என்னும் அப்பழமொழியின் கருத்தை இன்று பின்பற்றும் வழியும் அதுவேயாகும்.